அம்மா ஒருசந்தி இருக்க மாட்டேன் என்கிறார்

கேள்வி: நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம். அம்மாவுக்கு 66 வயது. பூசை, வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை எதையும் தவறவிட மாட்டார். ஆனால் 2009இல் கடைசிப் போருக்குப் பிறகு ஒருநாளும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடுகிற நோன்பு) பிடித்ததில்லை. "அங்க கிடந்த பட்டினி காணும், இனி ஆண்டவருக்கு நான் பட்டினி காட்டத் தேவையில்லை" என்கிறார். நான் தவக்காலம் முழுக்க ஒருசந்தி. அதற்கும் சண்டை, சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு நகராமல் நிற்பார். போன பெரிய வெள்ளியன்று "உங்களுக்கு விசுவாசமே இல்லை" என்று கத்திவிட்டேன். அம்மா செய்வது பாவமா? அவருக்காக நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?

பதில்: தங்கச்சி, சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்ததும் தொடங்கி, 59 நிறைந்ததும் முடிகிறது. அம்மா அதைத் தாண்டிப் பல வருஷம். அந்தக் கடமையும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாளுக்குத்தான். மற்ற நாட்களில் நீங்கள் இருப்பது உங்கள் சொந்த முயற்சி. நல்லதுதான், ஆனால் அதை வைத்து வீட்டில் யாரையும் அளக்க முடியாது. வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம், அதாவது இறைச்சியை விடுவது மட்டும் வயது போனவர்களுக்கும் உண்டு. (இறைச்சியை விட்டுவிட்டு நண்டும் இறாலுமாகச் சட்டியை நிரப்புகிற வீடுகளும் இருக்கின்றன. சட்டப்படி பிழையில்லை. அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.)

இனி அம்மா. 2009இல் திருநீற்றுப் புதன் பெப்ரவரி 25. உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 12. அந்த நாட்களில் சனம் எங்கே நின்றது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாத்தளன், வலைஞர்மடம் பக்கம் பங்கருக்குள் இருந்துகொண்டு, அரிசி கிடைத்தால் கஞ்சி. இப்போது மே மாதத்தில் அந்த நாட்களின் நினைவாக வீதியோரம் வைத்து ஊற்றுகிறார்களே, தேங்காய்ப்பால் கூட இல்லாத அந்த உப்புக் கஞ்சி. நீங்கள் அப்போது பிள்ளை. பசிக்குது என்று கேட்டிருப்பீர்கள். இன்று சட்டி நிறையச் சோறு இருக்கும்போது அதே பிள்ளை வேண்டாம் என்று வெறும் வயிற்றோடு இருந்தால், பெற்றவளுக்கு அது பக்தியாகத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நோன்பு என்பது இருப்பதை விரும்பி விடுவது. பறிக்கப்பட்டுக் கிடந்த பசியை யாரும் நோன்புக் கணக்கில் எழுத முடியாது. அதே சமயம் அதைக் கிடந்தவரிடம் போய் "இன்னும் கொஞ்சம் பசித்திருங்கள்" என்று கேட்கிற உரிமையும் எவருக்கும் இல்லை. திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளி பூசையில் எசாயா 58ஆம் அதிகாரம் வாசிப்பார்கள், கவனித்துக் கேளுங்கள். ஆண்டவர் விரும்புகிற நோன்பில் பசித்தவரோடு உணவைப் பகிர்வதும் அங்கே வருகிறது. கோப்பையோடு நிற்கிற உங்கள் அம்மா அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

அப்புறம், சண்டை குறைய ஒரு வழி. ஒருசந்தியில் ஒருவேளை முழுச் சாப்பாடு. அதற்கு மேல் இரண்டு வேளை கொஞ்சம் சாப்பிடவும் இடமிருக்கிறது. காலையில் அம்மா கொண்டுவருவதில் ஒரு துண்டு புட்டை அவர் முன்னாலேயே சாப்பிடுங்கள். முழுச் சாப்பாட்டை இரவுக்கு வைத்து அவரோடு இருந்து சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நோன்பே இல்லை, அன்றைக்கு அவர் ஆசைக்குப் போடட்டும். மிச்சம் பிடிக்கிற அரிசியை யாருக்குக் கொடுப்பது என்பதையும் அம்மாவிடமே விடுங்கள். ஊரில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று உங்களையும் என்னையும் விட அவருக்குத் தெரியும்.

பாவசங்கீர்த்தனத்தில் அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். அங்கே அவரவர் பாவத்தைத்தான் அவரவர் சொல்வது. பெரிய வெள்ளியன்று நீங்கள் கத்தினது இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள். சுவாமியிடம் (குருவானவரிடம்) போவதற்கு முதல் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.