சட்டம் படிக்கும் மகள் பிளாட்டோவைத் தேடி இத்தாலி போக வேண்டும் என்கிறாள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஐந்தாண்டு சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டை முடிக்கப் போகும் மகள், அதை நிறுத்திவிட்டு இத்தாலியில் மறுமலர்ச்சிக்காலத் (சுமார் 14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை) தத்துவம் படிக்க வேண்டும் என்கிறாள். அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டத்தை அவள் முடிக்கட்டும், தத்துவத்தையும் விட வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட வராத ஒன்றை உடனே தொடங்கியாக வேண்டும். அது லத்தீன்.

உங்கள் வீட்டில் நடக்கும் சண்டை அந்தக் காலத்து இத்தாலிய வீடுகளிலும் நடந்ததுதான். பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கை அவருடைய அப்பா மாண்ட்பெலியேவிலும் பொலோனியாவிலும் ஏழு வருடம் சட்டம் படிக்க வைத்தார். பையன் ஒளித்து வைத்திருந்த பழைய லத்தீன் நூல்களைக் கண்டுபிடித்துத் தீயில் போட்டார். அவன் அழுததைப் பார்த்து மனம் பொறுக்காமல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூலையும் சொற்பொழிவாளர் சிசரோவின் நூலையும் மட்டும் தீயிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெட்ரார்க்கே முதுமையில் எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். 1326-ல் அப்பா இறந்ததும் அவர் சட்டத்தை விட்டுவிட்டார். 1345-ல் வெரோனாவில் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தவரும் அவர்தான்.

உங்கள் மகள் பெட்ரார்க்கைத்தான் உதாரணம் காட்டுவாள். நான் அவளுக்குச் சொல்ல விரும்புவது லியோனார்டோ புரூனியின் கதையை. 1397-ல் மானுவேல் கிரிசோலோராஸ் என்ற அறிஞர் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு கிரேக்கம் கற்பிக்க வந்தபோது புரூனி அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்தார். எழுநூறு வருடமாக இத்தாலியில் கிரேக்கம் அறிந்தவர் யாருமில்லை, சட்டம் சொல்லித்தர ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள், கிரேக்கத்துக்கு இவர் ஒருவர்தான் இருக்கிறார், இவரை விட்டால் யாரிடம் கற்பது என்று தனக்குள் வாதாடியதை அவரே எழுதி வைத்திருக்கிறார். சட்டத்தை விட்டார். பிறகு அரிஸ்டாட்டிலின் ‘அறவியல்’, ‘அரசியல்’ என்ற நூல்களை லத்தீனில் மொழிபெயர்த்தார். 1405-ல் போப்பின் செயலாளர் ஆனார். 1427 முதல் 1444-ல் சாகும்வரை ஃபிளாரன்ஸ் குடியரசின் தலைமைச் செயலர்.

புரூனி தைரியமாக முடிவெடுத்தார், உண்மை. ஆனால் அவருக்குப் பின்னால் அப்போது ஃபிளாரன்ஸின் தலைமைச் செயலராக இருந்த கொலூச்சியோ சலுத்தாத்தி நின்றார். கிரிசோலோராஸை வரவழைத்ததும், புரூனியை மகனைப்போல் நடத்தி ரோமுக்குச் சிபாரிசு செய்ததும் அவர்தான். அப்படி ஒரு ஆதரவு உங்கள் மகளுக்கு இப்போது இல்லை. அதனால்தான் பட்டத்தை முடிக்கச் சொல்கிறேன்.

அப்பா கவனிக்க வேண்டிய விஷயமும் இந்தக் கதையில் இருக்கிறது. அந்தக் காலத்து ஹ்யூமனிஸ்டுகளில், அதாவது பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை மீட்டுப் படித்த அறிஞர்களில், பெரும்பாலோர் தத்துவப் பேராசிரியர்கள் அல்ல. அரசுக் கடிதம் எழுதினார்கள், தூது போனார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள், அச்சகங்களில் பிழை திருத்தினார்கள். பழைய ஏடுகளைத் துல்லியமாகப் படிக்கத் தெரிந்ததுதான் அவர்கள் பிழைப்பு. 1417-ல் பழைய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் நூலை ஒரு ஜெர்மன் மடாலயத்தில் கண்டெடுத்த போஜ்ஜோவும் போப்பிடம் வேலை பார்த்த செயலாளர்தான்.

சரி, சட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நிறைய. மேற்கு ரோமப் பேரரசையே போப்புக்கு எழுதிக் கொடுத்ததாகக் கான்ஸ்டன்டைன் பேரரசர் பெயரில் ஒரு பத்திரம் இருந்தது. 1440-ல் லொரென்ஸோ வல்லா என்ற அறிஞர் அதன் லத்தீனை வரிவரியாக ஆராய்ந்து, அந்த நடை கான்ஸ்டன்டைன் வாழ்ந்த நான்காம் நூற்றாண்டுடையதே அல்ல என்று நிறுவிப் பத்திரம் போலி என்றார். உங்கள் மகள் சாட்சியச் சட்டம் படித்திருப்பாள். வல்லாவின் வாதம் அவளுக்கு உடனே பிடிபடும். பிறகு கியோம் புடே, அல்ச்சியாத்தோ என்ற அறிஞர்களும் ரோமச் சட்டத்தையே இந்த முறையில் ஆராய்ந்தார்கள். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் சட்ட வரலாற்றையும் சட்டக் கோட்பாட்டையும் ஆராயும் ஒரு மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனம் இன்று இயங்குகிறது. சட்டப் பட்டமும் லத்தீனும் சேர்ந்த மாணவர்கள் உலகத்தில் எங்கேயும் குறைவு. சட்டத்தைப் பாதியில் விட்டால் இந்தக் கதவைத் தானே சாத்திக்கொள்கிறாள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அவளுக்கு நான் சொல்லும் வேலை இதுதான். தினமும் ஒரு மணி நேரம் லத்தீன். இணையத்தில் தரமான வகுப்புகள் இருக்கின்றன. கூடவே இத்தாலிய மொழியில் அடிப்படை. முதல் வருட முடிவில் சிசரோவின் ஒரு பக்கத்தை அகராதியோடு தானே படித்துப் பொருள் சொல்ல வேண்டும். ஃபிளாரன்ஸ் தத்துவ அறிஞர் மார்சிலியோ ஃபிசினோ மொழிபெயர்த்து 1484-ல் அச்சான முழு பிளாட்டோவும் லத்தீனில்தான் ஐரோப்பாவுக்குக் கிடைத்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் அங்கே லத்தீனில் படிக்கக் கிடைத்தவை பிளாட்டோவின் சில உரையாடல்கள்தான். இந்தக் காலத்து நூல்களை ஆங்கிலத்தில் மட்டும் படித்துவிட்டு ஆராய்ச்சி செய்ய முடியாது, எந்த நல்ல துறையும் சேர்த்துக்கொள்ளாது. ஒரு வருடம் லத்தீனோடு மல்லுக்கட்டிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால், அந்த ஆசையை நீங்கள் நம்பலாம்.

நம் நாட்டில் இதற்கு ஆசிரியர் கிடைப்பது கடினம். யுபிஎஸ்சி தத்துவ விருப்பப்பாடத்திலேயே பிளாட்டோ, அரிஸ்டாட்டிலுக்கு அடுத்து நேராகப் பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட் வந்துவிடுகிறார். நடுவில் சுமார் இரண்டாயிரம் வருடம் காணோம். வெளிநாடு போகத்தான் வேண்டும். லண்டனின் வார்பர்க் நிறுவனம் இந்தத் துறைக்கென்றே புகழ்பெற்றது, ஆனால் செலவு அதிகம். இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்து வட்டார அரசுகள் உதவித்தொகை தருகின்றன. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, ஆனால் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை வங்கியில் காட்ட வேண்டும்.

இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். இந்தப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள், பெரிய கல்விக்கடனும் வாங்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை மிகச் சிலருக்கே கிடைக்கிறது. அந்தக் கடன் அவள் கழுத்தை நெரிக்கும். உதவித்தொகை கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வேலை பார்த்தபடியே மறுவருடம் விண்ணப்பிக்கட்டும்.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அப்புறம் மூவருமாக ஒரு மாலை உட்கார்ந்து, லத்தீன் வகுப்புக்கு எந்த நேரம் ஒத்துவரும், அதற்கு யார் பணம் கட்டுவது என்பதை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள். இத்தாலியைப் பற்றி ஒரு வருடம் கழித்துப் பேசிக்கொள்ளலாம்.