விளமீன் தலையில் இருப்பது நம் காதிலும் இருக்கிறது: குவாட்ரேட் எலும்பு கேள்வி பதில்

மண்டபத்தில் வசிக்கிறேன். விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். போன வாரம் விளமீனின் தாடை மூட்டைப் படமெடுத்துப் போட்டு, அதில் உள்ள குவாட்ரேட் எலும்பைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் முடிந்த அளவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

ராமநாதபுரம், ஆசிரியை: படத்துல எது குவாட்ரேட்னு புரியல சார்.

வீட்டில் மீன் தலைக் குழம்பு வைக்கும் நாளில் கையிலேயே பார்த்துவிடலாம் டீச்சர். வெந்த தலையில் கன்னச் சதையை எடுத்துவிடுங்கள். கீழ்த்தாடை முடிகிற மூலையில் பனையோலை விசிறி மாதிரி தட்டையாக ஒரு எலும்பு நிற்கும். விசிறியின் காம்பு முனையில் சின்னக் குமிழ் இருக்கும், அது கீழ்த்தாடையின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். விசிறிதான் குவாட்ரேட். பள்ளம் உள்ள எலும்புக்கு ஆர்ட்டிகுலர் என்று பெயர். மீன், பல்லி, பாம்பு, ஆமை, முதலை, பறவை எல்லாமே இந்த மூட்டில்தான் வாயைத் திறந்து மூடுகின்றன.

பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்து வைப்பதானால் வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். எலும்பை அரித்துவிடும்.

கீழக்கரை, கல்லூரி மாணவி: பாலூட்டிகளுக்குக் குவாட்ரேட் இல்லைன்னு புத்தகத்துல இருக்கு. அது எங்கே போச்சு?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் அம்மா. அது எங்கும் போகவில்லை, உன் காதுக்குள் இருக்கிறது.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பார். அங்கே அசைகிற மூட்டு மீனுடைய மூட்டு அல்ல. பாலூட்டிகளில் கீழ்த்தாடை முழுக்க டென்டரி என்ற ஒரே எலும்பு. அது மண்டையின் ஸ்குவாமோசல் பகுதியோடு நேரே சேர்ந்து புதிதாக ஒரு மூட்டை உண்டாக்கிக்கொண்டது. பழைய மூட்டின் இரண்டு எலும்புகளும் சிறுத்து நடுச்செவிக்குள் போய்விட்டன. குவாட்ரேட் பட்டடை எலும்பானது, ஆர்ட்டிகுலர் சுத்தி எலும்பானது. மூன்றாவதான அங்கவடி எலும்பு அதற்கும் முன்பே காதுக்கு வந்தது. மீனில் தாடையை மண்டையோடு தாங்கி நிற்கும் எலும்பின் வழிவந்தது அது.

1837-லேயே ரைகெர்ட் என்ற ஜெர்மானியர் பன்றிக் கருக்களைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டார். கருவில் சுத்தி எலும்பு கீழ்த்தாடைக் குருத்தெலும்பின் பின்முனையாகவே உருவாகிறது. புதைபடிவங்கள் பிறகு வந்து அதை உறுதி செய்தன. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மார்கனுகோடான் என்ற சிறு பிராணியில் பழைய மூட்டும் புதிய மூட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தாடை ஒரு மூட்டை விட்டு இன்னொன்றுக்கு எப்படித் தாவும், நடுவில் அந்தப் பிராணி எப்படிச் சாப்பிட்டிருக்கும் என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். எதுவும் தாவவில்லை. இரண்டும் சேர்ந்து வேலை செய்த காலம் ஒன்று இருந்தது.

தேர்வில் 'குவாட்ரேட் இல்லை' என்று எழுதாதே. 'பட்டடை எலும்பாக மாறியுள்ளது' என்று எழுது.

தங்கச்சிமடம், மீனவர்: சுறாவுக்கு அந்த எலும்பு எங்க இருக்கு?

சுறாவுக்கு எலும்பே கிடையாது அண்ணே, எல்லாம் குருத்தெலும்பு. மேல்தாடை முழுக்க ஒரே குருத்துத் துண்டு. எலும்பு மீன்களில் அதே துண்டின் பின்முனைதான் எலும்பாகிக் குவாட்ரேட் ஆகிறது.

தொண்டி: கரையில ஒரு மண்டையோடு கிடந்துச்சு. ஆமைன்னு நினைக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பிளீச்சிங் பவுடர்ல போட்டிருக்கேன். குவாட்ரேட்டைக் காட்டுங்க.

முதலில் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கடலாமையும் ஆவுளியாவும் (கடல் பசு) 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எலும்பானாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கரையில் கண்டால் கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள், அது போதும். ஆமையின் குவாட்ரேட் அசையாது. கிண்ணம் மாதிரி வளைந்து நடுச்செவியைச் சூழ்ந்திருக்கும்.

பாம்பன், மீனவர்: வலகடியன் கடல் பாம்பு கெளுத்தி மீன முழுங்கும்போது தாடையக் கழட்டிக்கிட்டுத்தான் முழுங்கும். நாங்க கண்ணால பாத்தது.

பார்த்தது உண்மை அண்ணே, கழற்றுவது மட்டும் உண்மையில்லை. பாம்பின் குவாட்ரேட் நீளமான குச்சி மாதிரி. மேல்முனை மண்டையோடும் கீழ்முனை தாடையோடும் சேர்ந்து ஊஞ்சல் கயிறு போலத் தொங்கும். அது வெளிப்பக்கம் விரியும்போது வாய் அகலமாகிறது. மோவாயிலும் இடது தாடையும் வலது தாடையும் எலும்பால் ஒட்டியிருக்காது, இழுபடும் தசைநார்தான். அதனால் ஒவ்வொரு பக்கமாக முன்னால் நகர்த்தி இரையின் மேல் ஏறிப் போகும். மூட்டு எதுவும் விலகுவதில்லை.

பாம்பன், மறுபடியும்: அப்ப காய்ஞ்சு கிடக்கிற பாம்பு மண்டையில தாடை தனியாக் கிடக்குதே?

செத்த பிறகு தசைநார் அழுகிவிடும். காய்ந்த கோழித் தலையிலும் தாடை தனியாகத்தான் கிடக்கும்.

ஏர்வாடி: பாம்பன் அண்ணன் சொல்றதுதான் சரி. முழுங்கி முடிச்சதும் கொட்டாவி விட்டுத் தாடைய மாட்டிக்கும், நானும் பாத்திருக்கேன்.

கொட்டாவி விடுவது உண்மை. விரிந்த எலும்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத்தான் அது. யோசித்துப் பாருங்கள். கெளுத்தி முள் விரித்த மீன். அதை உள்ளே இழுக்க விசை வேண்டும். கழன்ற மூட்டில் விசை நிற்குமா? கப்பியிலிருந்து கயிறு கழன்றால் வலை ஏறுமா?

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இதைச் சோதிக்க வலையில் வந்த கடல் பாம்பின் வாயைத் திறந்து பார்க்காதீர்கள், அசையாமல் கிடந்தாலும் சரி. கடித்த இடத்தில் வலி அதிகம் இருக்காது, அதை நம்பி இருந்துவிடக் கூடாது. நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாம்பன்: சரி சார், பாம்ப விடுங்க. அஞ்சாலைக்கு ரெண்டு வாய்னு சொல்றது?

அது முழுக்க உண்மை! பாம்பு மாதிரி நீண்ட அந்த மீனுக்குத் தொண்டைக்குள் பல்லோடு இன்னொரு தாடை இருக்கிறது. முன்வாய் இரையைக் கவ்வியதும் அது முன்னால் வந்து பிடித்து உள்ளே இழுத்துப் போகும். படமெடுத்து நிரூபித்தது 2007-இல்தான். ஆனால் அந்த உள்தாடை செவுள் வளைவுகளிலிருந்து வந்தது, குவாட்ரேட்டுக்கு அதில் பங்கில்லை.

ராமேஸ்வரம்: தனுஷ்கோடியில பூநாரை தலைகீழா மேயுதே, மேல் அலகு அசையுமா?

அசையும். பறவைகளில் குவாட்ரேட் முன்னால் சாயும்போது மெல்லிய எலும்புக் கம்பிகளைத் தள்ளும், மேல் அலகு உயரும். தலையைக் கவிழ்த்தால் பூநாரையின் மேல் அலகுதான் கீழே வரும்.

தேவிபட்டினம்: கரையில கிடைச்ச ஆவுளியா எலும்புக்கு என்ன விலை கிடைக்கும்?

தொண்டிக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

வாலிநோக்கம்: ஆவுளியா பல் மருந்துக்கு ஆகுமாமே, விலை என்ன?

ஆகாது. விற்பதும் வாங்குவதும் குற்றம். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

மூக்கையூர்: காய்ஞ்ச கெளுத்தி மண்டைய ஆட்டினா கடகடன்னு சத்தம் வருதே, குவாட்ரேட் கழண்டு கிடக்குதா?

இல்லை தம்பி, அது காதுக்கல். எலும்பே இல்லை, சுண்ணாம்பு. கெளுத்திக்கு அது பெரிதாக இருப்பதால் மண்டைக்குள் உருளும் சத்தம் கேட்கிறது. அறுத்துப் பார்த்தால் மர வளையம் மாதிரி கோடுகள் இருக்கும், மீனின் வயதை அதில் எண்ணலாம். கத்தாழை மீனின் காதுக்கல்லையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அடுத்த வாரம் போடுகிறேன்.