பாசியும் களைதானா?

கேள்வி: மழை பெய்து ஓய்ந்ததும் என் நிலத்தில் மண்மேல் மெல்லிய பச்சைப் படலம் படரும். களைக்கொல்லி தெளித்த பாதியில் இம்முறை அது தலைகாட்டவே இல்லை. “பாசியும் களைதானே, ஒழியட்டும்” என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். கவலைப்பட வேண்டுமா?

பதில்: அவர் எப்போதாவது பாசியில் வழுக்கி விழுந்திருப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் பச்சைப் படலத்தில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் நாஸ்டாக், அனபீனா போன்ற நீலப்பச்சைப் பாசிகள் மணி கோத்ததுபோலத் தெரியக்கூடும். இடையிடையே சற்றுப் பெரிதாக, வெளிறிய செல்கள் இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்குபவை அவைதாம். பாசி சுரக்கும் பசை மண் துகள்களை ஒட்டிப் பிடிக்கிறது. மேல்மண் எளிதில் கரைந்து ஓடாது.

சரி, என்ன மருந்து தெளித்தீர்கள்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! டையூரான், அட்ரசின் வகை என்றால் பச்சை மறைந்ததில் வியப்பில்லை. அவை ஒளிச்சேர்க்கையில் டி1 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு எலக்ட்ரான் ஓட்டத்தை நிறுத்துகின்றன. அதே புரதம் களையிலும் உண்டு, பாசியிலும் உண்டு. மருந்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. டையூரான் மண்ணில் மாதக்கணக்கில் தங்கவும் செய்யும்.

கிளைபோசேட்டின் கதை வேறு. சில அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்கும் வழியை அது அடைக்கிறது. பாசிக்கும் அந்த வழி உண்டு. ஆனால் களிமண் அந்த மருந்தை இறுகப் பிடித்துக்கொள்வதால், மண்ணுக்குள் இருக்கும் பாசி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. குடுவை நீரில் பாசி வளர்த்து மருந்து ஊற்றிய என் இளமைக் காலத்தில் இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாம் செத்துப்போக, வயலிலும் அப்படித்தான் என்று கூட்டத்தில் பேசிவிட்டு, பிறகு மண்ணோடு சோதித்து அசடு வழிந்தேன்.

இரண்டு பாதிகளிலிருந்தும் மேல்மண்ணை மட்டும், விரல்நகக் கனத்துக்குச் சுரண்டி, இரு கண்ணாடிப் புட்டிகளில் போடுங்கள். காய்ச்சி ஆறிய நீரால் நனைத்து, மூடியைத் தளர்வாக வைத்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் 4 வாரம் விடுங்கள். தெளித்த மண்ணும் தாமதமாகவாவது பச்சையானால் வித்துகள் பிழைத்திருக்கின்றன. நிலமும் மெல்லத் தேறும். ஆகாவிட்டால் மீண்டும் எழுதுங்கள். அப்போதாவது மருந்துப் புட்டியின் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைக் குறிப்பிடுங்கள். பெரிய எழுத்தில் உள்ள வணிகப்பெயர் எனக்கு உதவாது.