அந்த நான்கு இலக்க எண் யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு இரண்டு மகன்கள். மூத்தவனுக்கு 22 வயது. ராமநாதபுரத்தில் மொபைல் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். இளையவன் பிளஸ் ஒன் படிக்கிறான். மூத்தவன் தன் சம்பளத்தில் தவணை கட்டி, டிவியில் மாட்டி விளையாடும் ப்ளேஸ்டேஷன் 5 என்ற கேம் பெட்டியை வாங்கினான். தம்பி அதைத் தொட்டாலே சண்டை வரும். தம்பியின் பெயரை அதில் சேர்க்க முடியாதபடி ஏதோ நான்கு இலக்க எண்ணைப் போட்டுப் பூட்டியும் விட்டான், அது வேறு கதை. வீட்டில் அமைதி இருக்கட்டும் என்று துபாயில் இருக்கும் என் அண்ணனிடம் சொல்லி, இளையவனுக்கு எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் கேம் பெட்டியை வரவழைத்தேன். அதன் பிறகு, ‘என்னிடம் இருக்கிற கேம் உன்னிடம் வராது’ என்று இருவரும் ஓயாமல் சண்டை போட்டார்கள். எக்ஸ்பாக்ஸில் மட்டும் இருந்த போர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தயம் 2025-இல் ப்ளேஸ்டேஷனுக்கும் வந்துவிட்டது. அன்று மூத்தவன் செய்த கேலியில் இளையவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். இப்போது, ‘இதை விற்றுவிட்டு எனக்கும் ப்ளேஸ்டேஷன் வாங்கிக் கொடு, ஸ்பைடர்மேன் அதில்தான் இருக்கிறது’ என்கிறான். இருவரும் பேசிப் பல வாரங்கள் ஆகின்றன. கணவர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர், இதிலெல்லாம் தலையிடுவதில்லை. அண்ணனிடம் இன்னொரு முறை கேட்கலாமா?

– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்:

சகோதரி, கேட்கக் கூடாது. உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஆனால் ‘அது வேறு கதை’ என்று சொல்லி ஒரே வரியில் நீங்கள் தாண்டிப் போன அந்த நான்கு இலக்க எண்ணை விட்டுவிட்டு என்னால் மேலே போக முடியவில்லை. இரண்டாவது பெட்டி உங்கள் வீட்டுக்கு வந்ததும், அண்ணன் தம்பி பேச்சு நின்றதும் அந்த எண்ணிலிருந்து தொடங்கியவை.

அந்த எண் என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ப்ளேஸ்டேஷன் 5 ஒருவருக்காக மட்டும் செய்யப்பட்ட கருவி அன்று. ஒரே பெட்டியில் பலர் தனித்தனிப் பெயரில் நுழையலாம். ஒருவர் விளையாடிச் சேமித்து வைத்தது அவர் பெயரிலேயே இருக்கும், இன்னொருவர் விளையாடுவதால் அது அழியாது. மூத்தவன் தன் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய கேம்களை அதே பெட்டியில் தம்பியும் தன் பெயரில் விளையாடுவதற்கான வசதியை அதைச் செய்யும் சோனி நிறுவனமே வைத்திருக்கிறது. அதற்குத் தனியாகக் கட்டணமும் கிடையாது. ஆகவே, ஸ்பைடர்மேன் விளையாடுவதற்கு உங்கள் இளைய மகனுக்கு இன்னொரு ப்ளேஸ்டேஷன் தேவையில்லை. அது ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. புதிய பெயர் எதையும் சேர்க்க முடியாதபடி தடுக்க வேண்டுமானால், ஒருவன் அமைப்புப் பகுதிக்குள் (செட்டிங்ஸ்) போய், பெற்றோர் கட்டுப்பாடு என்ற இடத்தைத் தேடித் திறந்து, 0000 என்று இருக்கும் எண்ணை மாற்றித் தன் எண்ணை அங்கே போட வேண்டும். கோபத்தில் கை தவறி நடக்கிற காரியம் இல்லை இது. நிதானமாக உட்கார்ந்து யோசித்துச் செய்தது.

அந்தப் பூட்டின் பெயரையும் கவனியுங்கள். பிள்ளை எதை விளையாடலாம், யாரோடு பேசலாம், எவ்வளவு செலவு செய்யலாம் என்பதைத் தாயும் தகப்பனும் தீர்மானிப்பதற்காக வைக்கப்பட்ட பூட்டு அது. நீங்களும் உங்கள் கணவரும் இருக்க வேண்டிய இடத்தில் 22 வயதுப் பையன் போய் உட்கார்ந்து, உங்களுடைய அதிகாரத்தை எடுத்து உங்களுடைய இன்னொரு மகனை வெளியே நிறுத்தியிருக்கிறான். நீங்கள் அவனை அழைத்து ‘அந்த எண்ணைச் சொல்’ என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. மூத்தவனிடம் பேசுவதைவிடக் கடல் கடந்து இருக்கும் அண்ணனிடம் பேசுவது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

‘அவன் சம்பாதித்து வாங்கியது, நான் எப்படிக் கேட்பது?’ என்று நீங்கள் நினைக்கலாம். கேட்கலாம். அவன் எந்த வீட்டில் இருந்துகொண்டு அந்தச் சம்பளத்தைச் சேர்த்தான்? அந்தப் பெட்டிக்கு மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள்? கூட்டாக வாழும் வீட்டில் ஒருவன் வாங்கிய பொருளை அவன் அனுமதி இல்லாமல் இன்னொருவன் விற்கக் கூடாது, உடைக்கக் கூடாது, ஒளித்து வைக்கக் கூடாது. இவற்றை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடன்பிறந்தவனை அதன் பக்கமே வராதே என்று பூட்டுப் போடும் உரிமை அவனுக்கு இல்லை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. சம்பாதிக்கத் தொடங்கிய மூத்த மகன் தகப்பனுக்குத் தோள் கொடுக்க வேண்டியவன். அந்தப் பொறுப்பில் தம்பியைச் சேர்த்து நடத்துவதும் அடங்கும். அதை அவனுக்குச் சொல்ல வேண்டிய வயதில் நீங்கள் சொல்லவில்லை, இப்போதாவது சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகள் எதை வைத்துச் சண்டை போடுகிறார்களோ, அந்த ‘எக்ஸ்க்ளூசிவ்’, அதாவது ஒரு பெட்டியில் மட்டும் கிடைக்கும் கேம் என்பதும் வானத்திலிருந்து வந்த விதி இல்லை. பெட்டியை விற்பதில் இந்த நிறுவனங்களுக்குப் பெரிய லாபம் கிடையாது; எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்று ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று அதைச் செய்யும் மைக்ரோசாஃப்ட்டின் அதிகாரி ஒருவரே 2021-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பெட்டி வாங்கியவன் பிறகு வாங்கும் ஒவ்வொரு கேமிலும் கிடைக்கும் பங்கில்தான் அவர்களுடைய வருமானம் இருக்கிறது. அதனால் ஒரு கேமைத் தன்னிடம் மட்டும் நிறுத்திவைத்து ஆளை உள்ளே இழுக்கிறார்கள். சில சமயம் கேம் செய்யும் நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். ஸ்பைடர்மேனைச் செய்த இன்சோம்னியாக் நிறுவனம் 2014-இல் எக்ஸ்பாக்ஸுக்காகவே தனியாக ஒரு கேம் செய்து கொடுத்தது. 2019-இல் அந்த நிறுவனத்தை சோனி வாங்கிவிட்டது. 2001-இல் எக்ஸ்பாக்ஸ் கடைக்கு வந்தபோது அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஹேலோ என்ற கேம். அதைச் செய்த பங்கி நிறுவனமும் 2022-இல் சோனியின் கைக்குப் போனது. கேமைச் செய்தவர்களே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும்போது, ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உடன்பிறந்தவனோடு பேசாமல் இருக்க உங்கள் பிள்ளைகளுக்கு என்ன வந்தது?

அந்தப் பூட்டுகளும் இப்போது ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. போர்ஸா ப்ளேஸ்டேஷனுக்கு வந்த அதே 2025-இல், சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸுக்குப் போனது. அதை மூத்தவன் தம்பியிடம் சொன்னானா என்று கேட்டுப் பாருங்கள். நின்டெண்டோ என்ற இன்னொரு நிறுவனம் மட்டும்தான் தன் மரியோ, செல்டா கேம்களை இன்னும் மற்றவர்களின் பெட்டிக்கு விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. மற்ற இருவரும் கணக்குப் பார்த்தார்கள். பூட்டி வைப்பதைவிடத் திறந்து விற்பது லாபம் என்று தெரிந்த இடத்தில் திறந்துவிட்டார்கள். பாசத்தினால் அவர்கள் திறக்கவில்லை. பாசத்தினால் திறக்க வேண்டிய உங்கள் வீட்டில்தான் பூட்டு அப்படியே தொங்குகிறது.

உங்கள் கணவரைக் கேளுங்கள், இதற்கு வழி சொல்வார். உங்கள் பக்கத்து வடகடலில் வாரத்துக்கு 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று நாள் பிரித்துத்தானே தொழிலுக்குப் போகிறார்கள்? விசைப்படகின் மடி வலையில் சிக்கி நாட்டுப்படகுக்காரர்களின் வலை அறுந்து, அடிதடி வரை போன பிறகு கண்ட ஏற்பாடு அது. இன்றும் அதில் மனத்தாங்கல் உண்டு, மீறுகிறவர்களும் உண்டு. இருந்தாலும், உனக்கு ஒரு கடல் எனக்கு ஒரு கடல் என்று யாரும் கேட்கவில்லை. பிழைப்புக்காக அந்த முறைக்குக் கட்டுப்பட்டு வாழும் மனிதரின் வீட்டில், விளையாட்டுக்காக ஆளுக்கொரு பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் தலையிட மாட்டார் என்கிறீர்கள். அவரிடம் முழுவதையும் சொல்லியிருக்கிறீர்களா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

உங்கள் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கை கேட்டால் தாய்மாமன் இல்லை என்று சொல்ல மாட்டார். அந்த உறவின் பெருமையே அதுதான். அதனாலேயே, எதைக் கேட்பது என்று நீங்கள்தான் அளந்து கேட்க வேண்டும். மருமகனின் படிப்புக்கோ, வீட்டில் ஒரு நல்லது கெட்டதுக்கோ கேளுங்கள். மூத்தவனைக் கண்டிக்க உங்களுக்குத் தைரியம் இல்லாத குறையை ஈடுகட்ட அவருடைய உழைப்பைக் கேட்காதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது. மூத்தவன் வேலை முடிந்து வரும் நேரத்தில், உங்கள் கணவரும் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். அந்த எண்ணை மூத்தவன் தன் வாயால் உங்களிடம் சொல்ல வேண்டும். பிறகு நீங்கள் அதை மாற்றி, உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் மட்டும் தெரிந்த எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பில் எங்கே போவது என்று தெரியாவிட்டால் மூத்தவனையே பக்கத்தில் இருந்து காட்டச் சொல்லுங்கள். அவனுக்குத் தெரியாத இடமில்லை அது. அதன்பின் தம்பியின் பெயரை அவனே சேர்த்துக் கொடுக்கட்டும். தம்பி இணையத்தில் மற்றவர்களோடு விளையாடக் கணக்குத் தொடங்குவதானால், 18 வயது ஆகாதவனுக்குப் பெரியவர் ஒருவரின் பொறுப்பில்தான் கணக்குத் தருவார்கள். அந்தப் பெரியவர் பெற்றவர்களில் ஒருவராக இருக்கட்டும், அண்ணனாக வேண்டாம். மூத்தவன் விளையாடும் கேம்களில் சில 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. அவற்றைத் தம்பிக்குத் தடுக்க அந்தப் பூட்டு உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும்.

இரண்டு பெட்டிகளும் அறைகளை விட்டு வெளியே வந்து, எல்லோரும் நடமாடும் இடத்தில் ஒரே டிவியில் இருக்கட்டும். நாளைப் பிரித்துக் கொடுங்கள். எந்த நாள் யாருக்கு என்பதை அவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும், நீங்கள் செய்து கொடுக்கக் கூடாது. அதற்காகவாவது அவர்கள் வாய் திறந்துதான் ஆக வேண்டும். தம்பியின் எக்ஸ்பாக்ஸில் மூத்தவனும் விளையாடலாம்; அந்தப் பெட்டிக்கும் இதே சட்டம்.

எக்ஸ்பாக்ஸை விற்கும் யோசனையையும் விட்டுவிடச் சொல்லுங்கள். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. அவன் வாங்கியவை எல்லாம் அவன் கணக்கில்தான் இருக்கின்றன. அவற்றைத் தனியாக விற்க முடியாது, ப்ளேஸ்டேஷனுக்கு மாற்றவும் முடியாது. மாமன் வாங்கிக் கொடுத்த பெட்டி பாதி விலைக்குப் போகும். அதற்குள் வாங்கிய கேம்கள் ஒன்றுக்கும் உதவாது.

மூத்தவன் முறைப்பான், சில நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டான். அதற்குப் பயந்து மறுபடியும் துபாய்க்குப் போன் போடாதீர்கள். எண்ணைச் சொல்ல மாட்டேன் என்று அவன் பிடிவாதமாக நின்றால், அவன் சொல்லும் வரை அந்தப் பெட்டியின் மின்கம்பி உங்கள் பீரோவில் இருக்கட்டும்.