மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டு வாரமாக இருமல், இரவில்தான் அதிகம். வீட்டில் என்ன செய்யலாம்?

போன மார்கழியில் என் மகளுக்கும் இதே கதைதான், அவளுக்கும் அப்போது மூன்று வயது. பகலெல்லாம் ஓடி விளையாடுவாள், படுக்க வைத்த அரை மணியில் லொக்கு லொக்கென்று ஆரம்பித்து, குடித்த பாலையும் சளியோடு கக்கிவிட்டுத்தான் தூங்குவாள்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் சளி இல்லை, மூக்குச் சளி தொண்டைக்குள் இறங்குவதால்தான் படுத்ததும் இருமுகிறாள், இது இரண்டு மூன்று வாரம் இழுக்கும் என்றார். சிரப் எழுதவில்லை. எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும் (அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரத்தில்). ஐந்து வயதுக்குள் இருமல் மருந்தே பொதுவாக வேண்டாம் என்று மத்திய அரசும் அப்போது சொன்னது.

அதனால் செய்தது இவ்வளவுதான். படுக்கும் முன் இரண்டு மூக்கிலும் இரண்டிரண்டு சொட்டு சலைன் (உப்புநீர்ச் சொட்டு மருந்து), மெடிக்கலில் கேட்டால் தருவார்கள். அப்புறம் அரை ஸ்பூன் தேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். மாமியார் கற்பூரவல்லி இலையை வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துக் கொடுப்பார், அதை அவள் பாதி துப்பிவிடுவாள்.

உண்மையில் வித்தியாசம் தெரிந்தது வேறொன்றில். தலைக்குக் குளிப்பாட்டியதும் சாம்பிராணி, ராத்திரி கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள் என்று நாங்களே புகை போட்டுக்கொண்டிருந்தோம், இரண்டையும் நிறுத்திக் கொசுவலை கட்டிய நாலைந்து நாளில் இரவு இருமல் பாதியாகிவிட்டது. மாமியாருக்கு இன்னும் மனத்தாங்கல்தான், சரி, இருக்கட்டும். ஆவி பிடிக்க வைக்காதீர்கள், வெந்நீர் கொட்டினால் அது தனி ஆபத்து. சூடத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம், சூடம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரும்.

குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். நாற்பதோ அதற்கு மேலோ இருந்தாலும், விலா உள்ளே இழுத்தாலும், வீசிங் சத்தம் கேட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கடலை மாதிரி ஏதாவது தின்றுகொண்டிருக்கும்போது திடீரென ஆரம்பித்த இருமல் என்றாலும் அப்படித்தான். காய்ச்சலோ எடை குறைவதோ சேர்ந்திருந்தால் இரண்டு வாரத்திலேயே டிபி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், ஆகவே அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.