பழைய மாளிகையில் பிரெஞ்சு பிரன்ச்: கொடுக்கும் காசுக்குப் பெறுமதியா?

கேள்வி: பழைமையான கட்டடத்தில் இயங்கும் உயர்தர பிரெஞ்சு உணவகமொன்றில் வார இறுதி பிரன்ச் (காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கிய சாப்பாடு) சாப்பிட்டிருக்கிறீர்களா? அந்த விலைக்கு அது தகுமா?

மட்டக்களப்பு புளியந்தீவில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகப் பேக்கரி நடத்தி வருகிறது. கொழும்பில் வேலை செய்யும் மகள், எங்கள் திருமண நாளையொட்டி என்னையும் மனைவியையும் உதயதேவி ரயிலில் வரவழைத்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அப்படியான ஓர் உணவகத்துக்கு அழைத்துச் சென்றாள். விலை தகும் என்பதே என் பதில். ஆனால், எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்து போனால்தான் தகும்.

அந்த உணவகம் பிரித்தானியர் காலத்துப் பெரிய வீடொன்றில் இயங்குகிறது. சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர்களும், உயர்ந்த கூரையும், அகன்ற விறாந்தையும் இருந்தபடியால், வெளியே வெயில் கொளுத்திய நேரத்திலும் ஒரு மின்விசிறியே எங்களுக்குப் போதுமாயிருந்தது. தடித்த சுவர் பகல் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடுகிறது. சூடான காற்று மேலெழுந்து கூரையடிச் சாளரங்கள் வழியே வெளியேறுகிறது. மூன்று மணி நேரம் ஆறுதலாக இருந்து சாப்பிடும் உணவுக்கு இத்தகைய வீடு நன்றாகப் பொருந்துகிறது. எங்கள் ஊரிலும் வாவிக்கரையில் கோட்டை இருக்கிறது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியதை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அதன் சுவர்களின் குளிர்ச்சியை நான் அறிந்ததெல்லாம் அங்கே இயங்கிய கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், படிவங்களோடு காத்திருந்த நாட்களில்தான். அந்த வாவிக்காற்றில் ஒரு நாளாவது குடும்பத்தோடு இருந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசை, கொழும்பு விறாந்தையில் இருந்தபோது எனக்குப் பலமாக எழுந்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மேசைக்கு முதலில் வந்தது குரோசான் என்ற பிறை வடிவ அடுக்குப் பலகாரம். அதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் கொடுக்கும் விலையின் பெரும்பங்கு அதற்குள்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மாவைத் தகடாக உருட்டி, அதன் நடுவே வெண்ணெய்த் தகடொன்றை வைத்து மூடி, மறுபடியும் உருட்டி மூன்றாக மடிக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னரும் குளிரில் ஆறவிட்டு, மூன்று முறை அப்படி மடித்தால் 27 வெண்ணெய் அடுக்குகள் உண்டாகின்றன. போறணைக்குள் போனதும் வெண்ணெயிலும் மாவிலும் உள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குகிறது. வெட்டிப் பார்த்தால் தேன்கூடு போன்ற அறைகள் தெரிய வேண்டும், அன்று தெரிந்தன.

இதில் வெண்ணெய்தான் தொல்லை. அது ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். அதற்கு வெகு முன்னரே இளகி மாவோடு கலந்துவிடும், கலந்தால் அடுக்கு இல்லை, பணிஸ்தான் மிஞ்சும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பேக்கரிக்குள் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது. அதனால்தான் நம் பக்கத்துப் பேக்கரிகளில் அடுக்குப் பலகாரங்களுக்கு உடல் வெப்பத்திலும் எளிதில் உருகாத மாஜரீனைப் பாவிக்கிறோம். தின்ற பின்னர் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டிக்கொள்வது அதுவே. உண்மையான வெண்ணெய் நாக்கில் பட்டதும் கரைந்துபோகிறது. பரிமாறிய தம்பி கல்முனைப் பக்கத்தவர். இந்த வேலை எங்கே நடக்கிறது என்று கேட்டேன். “அதுக்கெண்டு தனியாக் குளிரறை இருக்கு ஐயா, கதவைத் திறந்து வெச்சாலே ஏசுவாங்க” என்றார். அந்த மூடிய கதவுக்கும், முந்தைய நாளே தொடங்கிவிடும் உழைப்புக்கும் நாம் பணம் கொடுக்கிறோம்.

அடுத்து முட்டை. நீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டையின் மேல் ஹொலண்டேஸ் குழம்பு ஊற்றித் தருகிறார்கள். மஞ்சட்கருவையும் உருக்கிய வெண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றோடு மெல்லிய சூட்டில் அடித்துச் சேர்ப்பது அது. சூடு சற்று மிஞ்சினால் மஞ்சட்கரு திரைந்துவிடும், ஆறினால் வெண்ணெய் இறுகும். கேட்ட பிறகு செய்து தரும் இடத்தில் மட்டும் இதை வாங்குங்கள். மீதி மேசையில் குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், பாற்கட்டிகள், பழங்கள் எல்லாம் இருந்தன. அவற்றை வெட்டி அடுக்க மட்டுமே வேண்டியிருப்பதால், பணத்தை அவற்றில் மீட்டெடுக்க நினைத்து வயிற்றை நிரப்பக் கூடாது. என் மனைவி அந்தத் தவறைச் செய்யாமல் மகள்தான் தடுத்தாள்.

“இது உண்மையான பிரெஞ்சு வழக்கமா?” என்று சிலர் கேட்பார்கள். பிரன்ச் என்ற சொல்லை 1895இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமதமாக எழுந்து, காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கிச் சாப்பிடலாம் என்பது அவருடைய வாதம். பிரெஞ்சுக்காரரின் வழமையான காலை உணவோ பாண், வெண்ணெய், பழப்பாகு, கோப்பி என்ற அளவில் முடிந்துவிடும். எனவே இதை ஆங்கிலேயரின் நேரத்தில் பரிமாறப்படும் பிரெஞ்சுக் கைவேலை என்று சொல்லலாம். புளியந்தீவில் ஞாயிறு பூசை முடிந்து வந்து, பத்து மணிக்குப் பிட்டும் நண்டுக் கறியும் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அந்த நேரம் அந்நியமாகப் படவில்லை.

போக நினைப்பவர்கள் கதவு திறக்கும் நேரத்துக்கே போங்கள். நம் நாட்டு ஈரப்பதத்தில் குரோசானின் மொறுமொறுப்பு சில மணி நேரமே நிற்கும். இரண்டு மணிக்குப் போனால் அதே விலைக்குத் துவண்ட ஒன்றைத்தான் பெறுவீர்கள்.

கடந்த மார்கழி மாரியில் நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். மாவையும் உருட்டும் கட்டையையும் முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, விடியற்காலை இரண்டு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். முதல் தட்டில் வெண்ணெய் முழுவதும் வெளியே ஒழுகித் தட்டிலேயே பொரிந்தது. இரண்டாம் தட்டில் இருபதில் பதினொன்று அடுக்குப் பிரிந்து எழுந்தன. பூசைக்குப் போக இறங்கிய மனைவி ஒன்றைப் பிய்த்துத் தின்றுவிட்டு, மகளுக்குப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள்.