வீடு மாறிய வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் அதிகம் பேர் கேட்டிருப்பது வீட்டு மனிதர்களைப் பற்றித்தான். அலமாரியை எங்கே நிறுத்தினாலும் நிற்கும். குழந்தை, முதியவர், பூனை மூவரும் அப்படி இல்லை. அதனால் இங்கே அவர்களுக்கே அதிக இடம்.

கேள்வி: மகனுக்கு 4 வயது. ஒரு வருடத்துக்கு மேலாகப் படுக்கையை நனைத்ததே இல்லை. புது வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் நனைக்கிறான், பழைய வீட்டுக்குப் போகலாம் என்று அழுகிறான். அவனுக்கென்று தனி அறை, புதுக் கட்டில் எல்லாம் செய்து கொடுத்தோம்.

பயப்படாதீர்கள். பெரிய மாற்றம் ஒன்று வரும்போது சின்னக் குழந்தைகளிடம் அண்மையில் வந்த பழக்கங்கள் கொஞ்ச நாள் பின்வாங்கும். படுக்கை நனைவது, விரல் சூப்புவது, தனியாகத் தூங்க மறுப்பது எல்லாம் இந்த வகைதான். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகும். திட்டினாலோ, அடுத்தவர் முன்னால் சொல்லிக் காட்டினாலோ நீளும். படுக்குமுன் கழிவறைக்குக் கூட்டிப் போங்கள். நனைத்துவிட்டால் பேச்சில்லாமல் துணியை மாற்றிவிட்டு மறுபடி தூங்க வையுங்கள், போதும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்தப் புதுக் கட்டில்தான். வீடு புதிது, அறை புதிது, சன்னல் வழியாக வரும் சத்தம் புதிது. இதற்கு நடுவே அவனுக்குப் பழகியதாக ஒன்றாவது வேண்டும். பழைய மெத்தை கையில் இருந்தால் அதையே போடுங்கள். பழைய போர்வையை உடனே துவைக்க வேண்டாம், அந்த வாசனை அவனுக்குத் தெம்பு. குளியல், பல் துலக்கல், கதை, விளக்கணைப்பு என்று அங்கே ஒரு வரிசை இருந்திருந்தால் இங்கேயும் அதே வரிசை, அதே நேரம், முடிந்தால் அதே கதை. தனி அறை ஒரு மாதம் பொறுக்கட்டும், அதுவரை உங்களோடு படுக்கட்டும்.

அழும்போது “பார், இந்த வீடு எவ்வளவு பெரிசு” என்று வாதாடாதீர்கள். “அந்த வீட்டில் உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?” என்று கேளுங்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்த இடம் என்று சொல்வான், அல்லது சன்னல் திண்டு என்பான். அதுபோல ஒரு மூலையை இங்கே அவனோடு சேர்ந்து தேடுங்கள். அழுகை ஒரே நாளில் நிற்காது. ஆனால் தான் சொன்னது காதில் விழுந்தது என்று அவனுக்குத் தெரியும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் இழுப்பறை அலமாரி இருந்தால் சுவரோடு திருகாணி போட்டுப் பொருத்துங்கள். இந்த வயதுக் குழந்தைகள் இழுப்பறைகளை வெளியே இழுத்துப் படிக்கட்டாக ஏறுவார்கள், அலமாரி அப்படியே முன்னால் சாயும். கட்டில் சன்னலை ஒட்டி இருக்கக் கூடாது. திரைச்சீலைக் கயிறு தொங்கக் கூடாது. அப்புறம், சிறுநீர் போகும்போது வலி, காய்ச்சல், அதிகத் தாகம் என்று எது இருந்தாலும் அதை வீடு மாறியதன் கணக்கில் எழுதாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜை வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். உடனே போடலாமா?

வேண்டாம். படுக்க வைத்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குளிரூட்டும் குழாய்களுக்குள் போய்விடும். நிமிர்த்தி வைத்து அது திரும்பி இறங்கட்டும். ஒரு முழு நாள் விட்டுப் போட்டால் கவலையில்லை. முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷின் இருந்தால் பின்புறமும் பாருங்கள். பயணத்துக்காக டிரம்மை இறுக்கும் போல்ட்டுகள் மாட்டியிருப்பார்கள், அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் துள்ளிக் கெட்டுப்போகும். கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த வீடு மாறும்போது வேண்டும்.

கேள்வி: மாமியாருக்கு 78 வயது, மறதி ஆரம்பித்திருக்கிறது. இங்கே வந்ததிலிருந்து இரவில் எழுந்து கழிவறை என்று நினைத்துச் சுவரில் போய் முட்டுகிறார். “நான் வீட்டுக்குப் போகணும்” என்கிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

கஷ்டமான விஷயம்தான். மறதி உள்ளவர்களுக்குப் புது இடம் குழப்பத்தைக் கூட்டும். இரவில் இன்னும் கூடும். ஆனால் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் கட்டிலைப் பாருங்கள். பழைய வீட்டில் அவர் கட்டிலின் எந்தப் பக்கம் இறங்குவார், இறங்கி எந்தப் பக்கம் திரும்புவார்? பல வருடம் இடப்பக்கம் இறங்கி வலது கைப் பக்கமாக நடந்தவர் என்றால், பாதித் தூக்கத்தில் இங்கேயும் கால் அந்தப் பக்கம்தான் போகும். அவர் முட்டுகிற சுவர் எது என்று பார்த்தாலே உங்களுக்கு விடை கிடைத்துவிடும். கட்டிலைச் சுவர் மாற்றி, தலைமாட்டைத் திருப்பி, அதே பக்கம் இறங்கி அதே பக்கம் திரும்பினால் கழிவறை வரும்படி போட முடியுமா என்று பாருங்கள். அறையின் அழகு கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

இரவில் கழிவறைக் கதவு திறந்திருக்கட்டும், உள்ளே விளக்கு எரியட்டும். தலையணையில் படுத்தபடியே அந்த வெளிச்சம் கண்ணில் பட வேண்டும். நடுவில் தரைவிரிப்பு, வயர், பிரிக்காத பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி மாட்டுங்கள். துணி மாட்டும் கம்பி அதற்கு உதவாது, கையோடு வந்துவிடும். அவருடைய அலமாரியில் பழைய அடுக்கு எப்படி இருந்ததோ அப்படியே அடுக்குங்கள். சுவரில் மாட்டியிருந்த படங்களை அவர் அறையில்தான் முதலில் மாட்ட வேண்டும்.

“வீட்டுக்குப் போகணும்” என்னும்போது “இதுதான் நம்ம வீடு” என்று திருத்திப் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “அந்த வீட்டைப் பத்திச் சொல்லுங்க அத்தை” என்று கேளுங்கள். பேசட்டும். பேசப் பேசப் பதற்றம் இறங்கும்.

ஒன்றே ஒன்றில் கவனம். குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று அதிகமானால், பகலிலும் மந்தமாக இருந்தால் அது வீட்டால் வந்தது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, இடம் மாறும் அவசரத்தில் விட்டுப்போன மாத்திரை, இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். எனக்கு மட்டும் சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வருகிறது. பயந்த சுபாவமும் இல்லை.

மூளையின் வேலை இது. 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புது இடத்தில் தூங்கும் முதல் இரவில் மூளையின் இடப் பாதியில் ஒரு பகுதி மற்றப் பாதியளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை என்று கண்டார்கள். புதுச் சத்தம் வந்தால் சட்டென்று எழுப்ப அது காவல் இருக்கிறது. இரண்டாவது முறை அதே இடத்தில் தூங்கியபோது அந்த வித்தியாசம் மறைந்தது. சொந்த வீட்டில், ராத்திரி வரை பெட்டி பிரித்த களைப்போடு, சிலருக்கு இன்னும் சில நாள் பிடிக்கும். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பகலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார், லிஃப்ட், தண்ணீர்க் குழாய் என்று தெரிந்துவிட்டால் இரவில் அது பயமுறுத்தாது.

கேள்வி: மூன்று வாரம் ஆகிறது. கூடத்தில் இன்னும் பெட்டிகள். கத்தரிக்கோல் எங்கே என்பதற்குக்கூட எனக்கும் கணவருக்கும் சண்டை. நாங்கள் இப்படி இருந்ததே இல்லை.

1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற அமெரிக்க மனநல மருத்துவர்கள் இருவர், வாழ்க்கை மாற்றங்கள் ஒவ்வொன்றும் மனிதரை எவ்வளவு அசைக்கிறது என்று மதிப்பெண் போட்டார்கள். துணையை இழப்பதற்கு 100, திருமணத்துக்கு 50. வீடு மாறுவதற்கு வெறும் 20தான். ஆனால் வீடு தனியாக மாறுவதில்லையே. பள்ளி மாறுவதற்கு 20, தூக்கப் பழக்கம் மாறுவதற்கு 16 என்று சேர்த்தால் திருமணத்தைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பட்டியலில் தம்பதியின் வாக்குவாதம் கூடுவதும் குறைவதும் தனியே ஒரு மாற்றம், அதற்கு 35. உங்கள் இருவருக்குள் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். சுமை கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாப் பெட்டியையும் பிரிக்க நினைக்காதீர்கள். இன்று கூடத்தில் ஒரு மூலையை மட்டும் முழுசாகக் காலி செய்து, இருவரும் உட்கார்ந்து பேச இடம் பண்ணுங்கள். கத்தரிக்கோல், சாவி, சார்ஜர், மருந்து நான்கையும் எல்லோர் கண்ணிலும் படும் ஓர் இடத்தில் வையுங்கள். சமையலறையை யார் அதிகம் புழங்குகிறார்களோ அவர் சொல்லே அங்கே முடிவு.

இன்னொன்று. வீடு மாறியவர்கள் முதல் 3 மாதத்தில் புதுப் பழக்கங்களை எளிதாக ஏற்கிறார்கள் என்று, சுற்றுச்சூழலுக்கு உகந்த பழக்கங்களை வைத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் பாஸ் வெர்ப்லாங்கன் குழுவினர் காட்டினார்கள். வீட்டு வேலைக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம். பாத்திரம் யார், குப்பை யார், துணி யார் என்று மாற்றிப் பிரித்துக்கொள்ள நினைத்திருந்தால் இப்போதே பேசிவிடுங்கள். ஆறு மாதம் போனால் பழைய ஓட்டமே வந்து உட்கார்ந்துவிடும்.

கேள்வி: மனைவி கர்ப்பமாக இருக்கிறார். பெயின்ட் அடித்து இரண்டு நாள்தான் ஆகிறது. குடிபோகலாமா?

இன்னும் தள்ளிப்போட முடிந்தால் போடுங்கள். தண்ணீரில் கரையும் பெயின்ட் சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும், ஆனால் முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். வாசனைத் தெளிப்பான் நாற்றத்தை மறைக்கும், காற்றைச் சுத்தமாக்காது. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்று ஊடுருவ விடுவதுதான் வழி. புது மர அலமாரிகளையும் மறக்காதீர்கள். பிளைவுட், துகள் பலகை இவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற கெடுதலான வாயு மாதக்கணக்கில் கசியும், வெப்பமும் ஈரமும் கூடினால் இன்னும் கூடும். கதவுகளைத் திறந்து போட்டு வையுங்கள்.

பழைய வீடு என்றால் சுவரின் பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கும் இடத்தில் உங்கள் மனைவி இருக்கவே கூடாது. அதில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி கருவுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கெடுதல்.

கேள்வி: பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருவதே இல்லை.

இழுக்காதீர்கள். அதற்கு இப்போது முழு வீடு வேண்டாம், ஓர் அறை போதும். அங்கேயே சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு, ஒளிய ஓர் அட்டைப்பெட்டி. மெல்லிய துணியால் அதன் கன்னத்தைத் தடவி, அதே துணியை நாற்காலிக் கால், கதவு ஓரம் என்று அதன் உயரத்தில் தேய்த்துவிடுங்கள். தன் வாசனை இருக்கும் இடத்தில் பூனை அமைதியாகும். தானாக அறையை விட்டு வரத் தொடங்கியதும் அடுத்த அறையைத் திறங்கள். வெளியே போகும் பூனையாக இருந்தால் இரண்டு மூன்று வாரமாவது வீட்டுக்குள்ளேயே வையுங்கள், இல்லாவிட்டால் பழைய வீட்டைத் தேடிப் போய்விடும். ஒரு முழு நாள் எதுவும் சாப்பிடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 15 வயது மகள் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். “என்னைக் கேட்டா முடிவு பண்ணீங்க?” என்கிறாள்.

அவள் கேட்பது நியாயம், அதை அவளிடம் அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள். “உன்னிடம் முன்னாடியே பேசியிருக்கணும்” என்று சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்துங்கள். “ஆனால்” என்று தொடங்கும் அடுத்த வாக்கியம் வேண்டாம். இந்த வயதில் தோழிகள்தான் உலகம், அதைத்தான் அவள் இழந்திருக்கிறாள். பழைய தோழிகளைப் பார்க்க ஒரு தேதியை இப்போதே குறித்துக் கொடுங்கள், அந்தத் தேதியை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். அவள் அறையின் நிறம், கட்டில் இருக்கும் இடம், யார் எப்போது உள்ளே வரலாம் என்பதெல்லாம் அவள் முடிவாக இருக்கட்டும். பேச்சு மெதுவாகத் திரும்பும்.

கேள்வி: அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியவில்லை. வலியப் போய்ப் பேசக் கூச்சம்.

வலியப் போக வேண்டாம், அடிக்கடி கண்ணில் பட்டால் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குடியிருப்பு ஒன்றில் லியான் ஃபெஸ்டிங்கர் குழுவினர் செய்து 1950-இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கிய நண்பர்களாக மாறியவர்கள் பெரும்பாலும் அடுத்த கதவுக்காரர்கள்தான். படிக்கட்டுக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு மாடிக்காரர்களோடும் பழக்கம் வந்தது, வழியில் பார்த்துக்கொண்டதால். தினமும் ஒரே நேரத்தில் நடக்கப் போங்கள். முதலில் தலையசைப்பு வரும், அப்புறம் பேச்சு.

கேள்வி: பல மாதம் பூட்டிக் கிடந்த வீடு. குழாய்த் தண்ணீர் கலங்கலாக வருகிறது.

குடிக்கவும் சமைக்கவும் இப்போதைக்கு அது வேண்டாம். தொட்டி இருந்தால் கழுவிவிட்டு, எல்லாக் குழாய்களையும் தெளியும்வரை திறந்து விடுங்கள். திறக்குமுன் குழாய் முனையில் இருக்கும் சல்லடையைத் திருகிக் கழற்றுங்கள், துருவும் மணலும் அதில்தான் சேரும். தொட்டி வைத்த வாட்டர் ஹீட்டரை 60 டிகிரி செல்சியஸில் வையுங்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். ஆனால் அந்தச் சூட்டில் குழந்தையின் தோல் சில விநாடிகளில் வெந்துவிடும், குளிக்கும் குழாயில் குளிர்நீரைக் கலந்தே விடுங்கள். எல்லாம் செய்தும் இரண்டு மூன்று நாளில் தெளியவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயையே பார்க்கச் சொல்லுங்கள்.